எங்கள் தெருவுக்குள் வந்த பெரியப்பாவின் ஜீப்

பெரியப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுதும்படி பெரியம்மா என்னிடம் சொன்னார்கள். "நம்ம வூட்ல படிச்சவ நீ ஒருத்திதான். நல்லதா நாலு வார்த்த எழுதும்மா." நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பெரியப்பா சேத்துப்பட்டுப் பக்கம் மானாவாரியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்ட குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்குப் போனதில்லை. ஏர் ஓட்டிக்கொண்டே கட்சிக்கு வந்து ஊராட்சித் தலைவரானார். ஊருக்குத் தார்ச்சாலை வந்தது அவரால்தான். அவர் பேசினால் கூட்டம் கலையாது. எனக்குத் தெரிந்த நல்லது இவ்வளவே.

அவர் சட்டமன்றத்துக்கு நின்றபோது நாங்கள் ஆரணியில் இருந்தோம். பாகம் பிரித்ததில் ஒரு காணியும் கிடைக்காத அப்பா, இங்கே வந்து கூலிக்குப் பட்டு நெய்யக் கற்றிருந்தார். அன்று காலை எதிர்வீட்டு மாமாவின் பாவு, தறியில் ஏற்றவேண்டிய பட்டு நெடுக்கிழைகள், தெரு நீளத்துக்கு நீட்டியிருந்தது. பெரியப்பாவின் பிரசார ஜீப் வந்து நின்றது.

"அரை மணி நேரம் பொறுங்க தலைவரே. பாவுல போட்ட கஞ்சி காஞ்சிகினு இருக்குது" என்றார் மாமா.

"எங்க ஊர்ல கேவுரு கதிர ரோட்லதான் கொட்றோம். பஸ்ஸே மேல ஏறிப் போவுது. தூக்கிப் புடிங்கயா, அடியில பூந்துடலாம்" என்றார் பெரியப்பா.

பட்டு இழையைப் பற்றி அவருக்குத் தெரியாதுதான். ஆனால் அப்பா ஜீப்புக்கு முன்னால் ஓடி, "வேணாம்ணே" என்று கைகூப்பியதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஓட்டச் சொன்னார். ஜீப்பில் கட்டிய கொடிக்கம்பு மாட்டி, பாவு முழுதும் அறுந்து இழுபட்டது.

"ஓட்டு கேக்க வந்தவரு கல்யாணப் பொடவய உருவிகினு போறாரு" என்றார் ஒரு அக்கா. தெருவே சிரித்தது. அப்பா தலைகுனிந்து நின்றார்.

பெரியப்பா தோற்றார். தறிக்காரர்கள் கவிழ்த்துவிட்டதாக மேடைதோறும் பேசினார். அதன்பின் தெரு எங்களோடு பேசவில்லை. பாவு நீட்ட இரு பக்கமும் ஆள் வேண்டும். எங்கள் பாவைப் பிடிக்க அம்மாவையும் என்னையும் தவிர யாருமில்லை. தறி நின்றது. அப்பா ஊருக்குப் போய்க் கெஞ்சினார்.

"ஒரு தபா வந்து, தெரியாம நடந்துச்சின்னு சொல்லிட்டுப் போங்கண்ணே. நாங்க அங்கதான் பொழைக்கணும்."

"தறிக்காரங்க எதிர்ல நான் கைகட்டி நிக்கணுமா? வேற தெரு பாத்துக்கடா."

பிற்பாடு பெரியப்பா ஒன்றியத் தலைவராகவும் ஆனார். எங்கள் தெருமுனையில் கொடியேற்றினார். உள்ளே வரவில்லை. கடைசி மாதங்களில் படுக்கையில் அவரைத் துடைத்து, சோறு ஊட்டியது அப்பாதான். அப்போதும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். பெரியப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிகிச்சையளித்த மருத்துவருக்கும், மாலையோடு வந்த கட்சிக்காரர்களுக்கும் நன்றி. ஆனால் எங்கள் குடும்பத்தின் பெரிய நன்றி எதிர்வீட்டு மாமாவுக்கு. அன்று எங்கள் தறி நின்று இரண்டு மாதம் கழித்து அவர்தான் முதலில் வந்து எங்கள் பாவின் முனையைப் பிடித்தார். "உங்கண்ணன் பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவ" என்றார்.

மாமாவிடமும் தெருவாரிடமும் பெரியப்பா கேட்காத மன்னிப்பை, அவர் குடும்பத்தின் சார்பில் நான் கேட்கிறேன். இந்த வரியை எடுத்துவிடச் சொன்ன உறவினர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அச்சகத்தில் எழுத்துக் கோத்து முடியும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.