தரகரிடம் இருந்த விடியல்

என் அக்கா எங்கேயும் நேரத்துக்குப் போனதில்லை. தன் கல்யாணத்துக்கே எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு வந்தவள். கூப்பிட்டால் பாதித் தூக்கத்தில் எழுப்பியதுபோல "ம்?" என்பாள். இவளுக்கு அமைந்த வேலைதான் வேடிக்கை. ஆஸ்பத்திரிக் கணினிகளில் தேதியையும் நேரத்தையும் பிசகாமல் சேமித்துவைக்கும் நிரல் எழுதுவது.

வெங்காயம் உரித்தபடி ஒரு நாள் எனக்கு விளக்கினாள். நிரலில் ஒரு குழந்தை என்றால் அது முழுசாக ஒரு பொருள். தரவுத்தளத்திலோ பெயர், தேதி, நேரம் என்று வெறும் கட்டங்கள். இரண்டுக்கும் நடுவே இருந்து வாங்கி வைக்கவும் எடுத்துக் கொடுக்கவும் ஓஆர்எம் என்று ஒன்று இருக்கிறது. அக்காவுக்கு அது தரகர்.

"எந்த ஊர் நேரமா இருந்தாலும் உலகப் பொது நேரமா மாத்தித்தான் உள்ள வைக்கணும்னு தரகர்கிட்ட சொல்லியிருக்கேன்டி. எல்லாருக்கும் ஒரே நேரம். நெனச்சா எவ்ளோ அழகா இருக்கு!"

"முதல்ல நம்ம வீட்டுக் கடிகாரத்தைப் பாரு," என்றேன். அவள் கண் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டிருந்தது. வெங்காயத்தை நானே நறுக்கினேன்.

போன மாதம் இருவரும் செருப்பு வாங்கக் கிளம்பிய மதியம், ஆஸ்பத்திரியின் பிறப்பு இறப்புப் பதிவு அறையிலிருந்து போன் வந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பெஞ்சில் ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"கொழந்தை பொறந்த தேதியும் இறந்த தேதியும் ஒண்ணா இருக்குன்னு தகராறு பண்றாங்க மேடம்," என்றார் கிளார்க்.

"தகராறு இல்லம்மா," என்றார் தையல்காரம்மா. "ஆபரேஷன் முடிஞ்சு மயக்கமா கெடந்தேன். ஜன்னல் லேசா வெளுக்கறப்போ யாரோ அவனை என் மார்மேல வெச்சாங்க. சூடா இருந்தான். மூச்சு என் கழுத்துல பட்டுச்சு. இந்த சர்டிபிகேட்ல பார்த்தா முந்தின நாளே போயிட்டான்னு இருக்கு. மயக்கத்துல கண்ட கனவுன்னு வீட்ல சொல்றாங்க. அன்னிக்கிருந்த நர்ஸம்மாவும் இப்ப இங்க இல்ல."

எனக்கும் கனவென்றுதான் பட்டது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அந்த ஒரு தேதியை மாத்தி விட்ருங்க மேடம், சோலி முடிஞ்சுது," என்றார் கிளார்க்.

"கை வைக்காதீங்க!" என்றாள் அக்கா. அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. லேப்டாப்பைத் திறந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"தரகர் ஒழுங்காத்தான் வெச்சிருக்காரு. தப்பு என்னோடது. எடுக்கும்போது நம்ம ஊர் நேரத்துக்குத் திருப்பாம, அப்படியே தேதியை மட்டும் வெட்டி அச்சடிக்க விட்டுட்டேன்."

இங்கே விடியும்போது, ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும் பொது நேரத்தில் இன்னும் முந்தைய நாள் இரவுதான். மதியம் பிறந்ததால் அந்தக் குழந்தையின் பிறந்த தேதி தப்பித்தது. விடியற்காலையில் பிறந்தவர்கள், விடியற்காலையில் போனவர்கள் எல்லோரும் சான்றிதழில் ஒரு நாள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். கிளார்க் பதிவேட்டை இழுத்துப் பக்கங்களை எண்ணத் தொடங்கினார். அத்தனை பேருக்கும் புதுசு அடிக்க வேண்டுமே.

அக்கா நிரலைத் திருத்தினாள். திரையைத் தையல்காரம்மா பக்கம் திருப்பினாள்.

"இங்க பாருங்கம்மா. நேரம் எங்கயும் போகல. உள்ளயே பத்திரமா இருக்கு. அவன் போனது மறுநாள் காலை அஞ்சேகால்."

அவர் எழுந்து வந்து அந்த எண்களை விரலால் தொட்டார். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல். அக்கா அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்.

"அஞ்சேகாலா..." என்றார். "அப்பதான் ஜன்னல் வெளுக்கும்."

பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ அவனை நான் உசுரோடதான் வெச்சிருந்தேன்."