786-ஆம் புகார்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வளைகுடாவிலிருந்து வீடுகளுக்குப் பெட்டி கொண்டுவரும் சரக்கு அலுவலகம் ஒன்றில் புகார்களைக் கவனித்து வந்தேன். பத்தாவதோடு நின்றவன். கம்ப்யூட்டர் என்றால் பயம்தான். ஆட்களிடம் நேரில் பேசுவதற்கு அது தேவலை.

புகார் மெயில்களுக்குத் தானாக எண் போடும் ஏற்பாடு புதிதாக வந்தது. சென்னையிலிருந்து ஒருவர் போனில் சொல்லச் சொல்ல நானே அமைத்தேன். மெயிலோடு இணைத்து வரும் படங்களை எங்கே சேர்ப்பது என்று அது கேட்டது.

"தலைப்புல நம்பர் இருந்தா அந்த நம்பர் புகார்லயே சேர்க்கச் சொல்லுங்க சார். போஸ்ட்மேன் மாதிரி, கதவு நம்பரைப் பாத்துப் போட்டுட்டுப் போயிடும்."

"யாரு வூடுன்னு பாக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"போஸ்ட்மேனுக்கு எதுக்கு சார் அதெல்லாம்?"

படம் சேர்ந்ததும் புகார்காரருக்கு நகல் போகட்டும் என்று இன்னொரு டிக்கும் அடித்தேன்.

புகார்கள் எண்ணூறைத் தாண்டிய சமயம், முடித்து வைத்த 786-ஆம் புகார் தானாகத் திறந்துகொள்ள ஆரம்பித்தது. ஊருக்கு அனுப்பிய பெட்டி வந்து சேரவில்லை என்று, துபாயிலிருந்த லெப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் போட்டது. பெட்டி கிடைக்காமலே அவர் அங்கேயே இறந்துவிட்டார். நான்தான் அதை மூடினேன். இப்போது காலையில் வந்து பார்த்தால் அதற்குள் புதுப் படங்கள் இருக்கும். கயிறு கட்டிய பெட்டி. கிழிந்த போர்வை. ரசீதைப் பிடித்திருக்கும் யாருடையதோ ஒரு கை. மூடுவேன். மறுநாள் திறந்து கிடக்கும். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் இறந்தவருடைய மனைவி, பிரிண்ட் எடுத்த தாள்களோடு வந்தார்.

"அண்ணே, மவுத்தானவங்க மெயிலுக்கு ஏன் படமா அனுப்புறீங்க? பிரவுசிங் சென்டர்ல தொறந்தா எல்லாம் வேற வூட்டுப் பெட்டியா வருது."

பயத்தை மறைத்துக்கொண்டு திரையைக் காட்டினேன். வந்த மெயில்களின் தலைப்புகளைப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் 786 இருக்குல்ல. அல்லா பேரைச் சொல்லித் தொடங்குற பிஸ்மிக்குப் பதிலா நாங்க அந்த நம்பரைத்தான் மேல போடுவோம். கல்யாணப் பத்திரிகைல பாத்ததில்லையாண்ணே?"

"மெஷின் அதைப் புகார் நம்பர்னு எடுத்துக்கிச்சு. இன்னைக்கே மாத்திடுறேம்மா."

"வேணாம்ணே. அவங்க மய்யித்தை அங்கேயே அடக்கிட்டாங்க, மொகங்கூடப் பாக்கல. அந்தப் பெட்டி வர்ற வரைக்கும் தொறந்தே கெடக்கட்டும்."

விட்டுவிட்டேன். மற்றவர்களுடைய படங்களை நானே பிரித்து உரிய புகாரில் சேர்த்தேன்.

சில நாட்களில் அரியலூரிலிருந்து ஒரு மெயில் வந்தது. தலைப்பில் 786. தன் பெட்டிக்குப் பதில் வேறு யாருடையதோ வந்திருக்கிறது என்று எழுதி, படமும் இணைத்திருந்தார். பெட்டியின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதிய பெயர், இறந்தவருடையது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலில் போய் நின்றேன்.

பெட்டியை வாங்க வந்த மனைவி கயிற்றை அவிழ்க்கவில்லை. அந்தப் பெயர் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எண்ணுக்கு முன்னால் 'பு' என்ற எழுத்தும் இருந்தால்தான் படம் புகாரில் சேரும் என்று அமைப்பை மாற்றினேன். பிறகு 786-ஐ மூடினேன். புகார்காரருக்குத் தெரிவிக்கலாமா என்று திரை கேட்டது. டிக்கை எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும்ணே, அனுப்புங்க," என்றார். "அவங்களும் பாத்துக்கட்டும்."

அனுப்பினேன்.