டெல்பியாவின் வசதியான அம்மா

காரின் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, ஆகஸ்ட் புழுக்கத்தில் வியர்த்து வழிய, கைபேசியில் பெற்ற தாயின் பேரையே மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் டெல்பியா. எங்கள் பள்ளத்தாக்கில் தேவாலயத்தை ஒட்டி மட்டும்தான் கைபேசிக்கு சிக்னல் எடுக்கும். தன் கடன் கணக்குக்குப் போட்ட பூட்டு பத்திரமாக இருக்கிறதா என்று விசாரிக்க அடிக்கடி இங்கே வந்துவிடுவாள். இறங்கும்போது அவித்த சோளக்கதிர் மாதிரி இருப்பாள்.

என் சித்தப்பா மகள். பெட்ரோல் பங்கில் காலைச் சாப்பாடு போடுபவள். யாருக்கு முட்டை எப்படி வேண்டும் என்று கேட்கவே மாட்டாள். அவரவர் தின்கிற மாதிரி அவளே தெரிந்து பொரித்துவிடுவாள். அவளுடைய தங்கை மகன் லோனி, இவள் பேரைச் சொல்லிக் கடன் வாங்கி, பளபளவென்று ஒரு பிக்கப் வண்டி எடுத்தான். வண்டி அவனுக்கு, தவணை இவளுக்கு. போலீசில் சொன்னால் அவன் உள்ளே போவான், தங்கை படுத்த படுக்கையாகிவிடுவாள். கட்டித் தொலைக்கிறாள்.

லோனியைக் கெட்டிக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். கடன் கேட்பது டெல்பியாதானா என்று பார்க்க அவனிடம் கேட்ட ரகசியக் கேள்விகள் அப்படி: அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், படித்த பள்ளி, முதல் நாயின் பெயர். கென்டக்கி மலைக்குள் இதெல்லாம் ரகசியமா? எவள் எந்த வீட்டிலிருந்து வந்தாள் என்று நாலு தலைமுறைக்கு நானே ஒப்பிப்பேன். பள்ளி ஒன்றே ஒன்று. அந்த நாய் டிக்ஸி கடிக்காத ஆள் கிடையாது.

அதனால்தான் பூட்டு. யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று குறித்துவைக்கும் கம்பெனிகள் மூன்று. மூன்றிடமும் சொல்லித் தன் கணக்கை முடக்கிவிட்டாள். இனி அவளே திறந்துவிட்டாலொழிய அவள் பேரில் எவனும் கடன் வாங்க முடியாது. திறக்கும் கேள்விகளுக்குச் சுத்தப் பொய்யாகவே பதில் கொடுத்திருக்கிறாள்.

"யாருடி உங்கம்மான்னு சொல்லி வச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்க்கா. நல்ல வசதியான குடும்பம். அவ்வளவுதான் சொல்லுவேன்."

போன ஞாயிறு தேவாலயக் கூடத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. லோனி தன் பெரியம்மா டெல்பியாவை உரசிக்கொண்டு உட்கார்ந்தான். இப்போது அவனுக்குப் படகு ஆசை.

"பெரியம்மா, டிக்ஸிக்கு முன்னாடி வேற நாய் ஏதாச்சும் வச்சிருந்தியா?"

"இருந்துச்சே ராசா. ரஸ்டின்னு பேரு." ஒரு கோழிக்காலை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"ரஸ்டியா? எனக்குத் தெரியாம எந்த நாய்டி..." என்று ஆரம்பித்தேன். மேஜைக்கடியில் என் முழங்காலில் ஓர் உதை விழுந்தது.

சிகரெட் பிடிக்கப் போகிறேன் என்று லோனி எழுந்து வெளியே போனான். இங்கே நாங்கள் அவரைக்காயைக் கூடத் தின்று முடிக்கவில்லை, டெல்பியாவின் கைபேசி சிணுங்கியது. படித்துவிட்டு என் பக்கம் திருப்பினாள். உங்கள் பூட்டைத் திறக்க யாரோ முயன்றார்கள், பதில் தவறு, திறக்கவில்லை என்று இருந்தது.

"வண்டியோட படகுக்கும் தவணை கட்ட என் உடம்புல தெம்பு இல்லக்கா," என்றாள் மெதுவாக.

லோனி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவன் கை தட்டுக்குப் போகுமுன் டெல்பியா அந்தக் கோழிக்காலை எடுத்து, அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே கடித்தாள்.