பரமேஸுக்கு நான் வைத்த பெயர்

பள்ளி விடுமுறை. கோப்பெங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் அழைத்தார். "பரமேஸ் டீச்சர் போயிட்டாங்கமா. காலையில குளியலறையில விழுந்தாங்களாம்." மூளையில் ரத்தக் கசிவு. நாற்பத்து மூன்று வயது. மீனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

லகாட்டில் அவள் வீட்டு வாசலில் ஓர் அம்மாள், "கர்ப்பப்பைய அப்பவே எடுத்திருந்தா பொழச்சிருப்பா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நோய் அவளைக் கொல்லவில்லை. பதினைந்து வருடம் வதைத்தது. வதைத்ததில் எனக்கும் பங்குண்டு.

மாதம் இரண்டு நாள் எம்சி எடுப்பாள். மருத்துவ விடுப்பை நாம் அப்படித்தானே சொல்கிறோம்? ஒருநாள் ஆசிரியர் அறையில், "நம்ம எம்சி டீச்சர் இன்னிக்கும் வரலயா?" என்று கேட்டவள் நான்தான். எல்லோரும் சிரித்தீர்கள். பெயர் ஒட்டிக்கொண்டது, பிள்ளைகள் வரைக்கும் போனது. அவளுக்கும் தெரியும். என் வாய்க்கொழுப்பு, வேறென்ன?

ஈப்போவில் அறுவை முடிந்து திரும்பியவள், கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளாகவே சொன்னாள். "எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு அக்கா. கர்ப்பப்பைக்குள்ள இருக்கிற சவ்வு மாதிரியே வெளியில, சினைப்பை மேல, குடல் மேல வளருது. மாசாமாசம் அதுவும் வீங்கிக் கசியும். அந்த ரத்தம் வெளிய போக வழி இல்ல. வெளிக்குப் போனாக்கூட உயிர் போற வலி. ஸ்கேன்ல ஒண்ணுமே தெரியல." வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். வளர்ந்ததை அப்போதே அறுத்தெடுத்திருக்கிறார்கள். கருப்பையை எடுப்பதும் ஒரு வழி என்றார்களாம். "எடுத்தாலும் முழுசா போயிரும்னு சொல்ல முடியாதாம். எனக்குப் பிள்ளை ஆசை இன்னும் இருக்கு லா" என்றாள். அந்த ஆசை நிறைவேறவில்லை.

காம்பாரில் படிக்கும் என் மகள் கயலும் மாதாமாதம் சுருண்டு படுப்பாள், வாந்தி எடுப்பாள். பொம்பளை என்றால் வலிக்கத்தான் செய்யும் என்பேன். தீபாவளிக்கு வந்த பரமேஸ் அதைப் பார்த்துவிட்டாள். என்னை அவள் கடிந்து பேசியது அந்த ஒருமுறைதான். "வலிக்குதுன்னு புள்ள சொன்னா மொதல்ல நம்புங்க அக்கா. அப்புறம் காரணம் தேடலாம்." அவளே மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அதே நோயாக இருக்கலாமென்று சில மாதம் ஹார்மோன் மாத்திரை. அதற்கும் வலி அடங்காததால் அறுவை.

அன்று நான்கு மணி நேரம் மருத்துவமனை நாற்காலியில் என்னோடு இருந்தாள். "பரமேஸ், அந்தப் பேரு..." என்று தொடங்கினேன். "அது கெடக்கட்டும் அக்கா. போய்ச் சூடா மைலோ வாங்கியாங்க" என்றாள். வாங்கப் போனேன். பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். பாவி, பிறகென்று ஒன்று இருப்பதாக நினைத்துவிட்டேன்.

காரியம் முடிந்த அன்று அவள் கணவர் சொன்னார்: "உங்க மக ஆப்பரேஷன் அன்னிக்கு இவளுக்கும் வலிதான் டீச்சர். மறுபடி வந்திருச்சு. சொன்னா நீங்க வீட்டுக்கு அனுப்பிருவீங்கன்னு சொல்லல."

கயல் இப்போது வலியில்லாமல் நடமாடுகிறாள். பரமேஸ் எனக்கு விட்டுப்போனது அதுதான். அன்று நான் கயலுக்காக அழுதுகொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவளிடம், உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.