கணவன் பெயரும் குளோரோபாம் புட்டியும்

மயக்க மருந்து கொடுக்கிறவனுக்கு நோயாளி வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கிடைக்காது. நாம் ஒழுங்காக வேலை பார்க்கும் நேரமெல்லாம் அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், விழித்ததும் நம் சட்டை மேலேயே வாந்தி எடுப்பார்கள். மூக்கின் மேல் துணியை வைத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பிழைத்த சகோதரர்களே, இந்தக் கொடுமை உங்களுக்குத் தெரியாததல்ல. நாம் பட்டதை நாமே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் ஈப்போவுக்கும் கோலா கங்சாருக்கும் நடுவே, பல ரப்பர் தோட்டங்களுக்குப் பொதுவான ஒரு ஆஸ்பத்திரியில் நான் டிரெஸ்ஸர். டிரெஸ்ஸர் என்றால் புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டும், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா ஊற்ற வேண்டும், பல் பிடுங்க வேண்டும், டாக்டர் கத்தியை எடுத்தால் மயக்கமும் கொடுக்க வேண்டும். டாக்டர் வெள்ளைக்காரர்; மோட்டாரில் தோட்டம் தோட்டமாகச் சுற்றுவார். பிரசவம் சிக்கலானால் ஆள் விட்டு அழைப்போம். பிரசவ அறைக்கு ராணி நர்ஸ் ரோஸம்மா. நாகர்கோவில் பக்கத்துக்காரி. அவள் குரலுக்கு டாக்டரே ஒதுங்கி நிற்பார்.

தலைமாட்டுக்காரன்

ஆண்பிள்ளை பிரசவ அறைக்குள் வருவதாவது! முதல் நாளே பெண்கள் ஒரே ரகளை. டாக்டர் வரலாமாம், அவர் வெள்ளைக்காரராம், கணக்கில் சேர்த்தி இல்லையாம். நான் நம்மாளாம், அதனால் கூடாதாம். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடைசியில் ரோஸம்மா ஒரு வழி செய்தாள். கட்டிலுக்குக் குறுக்கே, கழுத்துக்கு நேராக, ஒரு பழைய போர்வையைக் கயிற்றில் தொங்கவிட்டாள். தலை என் பக்கம், மற்றதெல்லாம் அவள் பக்கம்.

ஆக, நான் அத்தனை பிரசவத்தில் இருந்தும் ஒன்றைக்கூடப் பார்த்தவன் இல்லை. நான் பார்த்ததெல்லாம் முகம். உதடு, கண், நெற்றி வேர்வை, காது மடல், அவ்வளவுதான். முதல் கேஸில் போர்வை கொஞ்சம் சரிந்தது. சரிசெய்யக் கை நீட்டினேன். துணைக்கு வந்திருந்த அக்காக்காரி என்னை ஒரு பார்வை பார்த்துச் சொன்னாள்: "இந்தாங்க டிரெஸ்ஸரய்யா, கண்ணு கழுத்துக்குக் கீழ எறங்குச்சுன்னா, பாராங் கத்தி வெளிய கூடையிலதான் இருக்கு!"

தூங்கிவிட்டாளா?

ஆள் எவ்வளவு தூரம் மயங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ள, வெள்ளைக்காரர்கள் ஊரில் ஒன்று இரண்டு எண்ணச் சொல்வார்களாம். டாக்டர் சொன்னார் என்று நானும் எண்ணச் சொன்னேன். வலியில் துடிக்கிறவளிடம் போய் எண்ணு என்றால்? "நீயே எண்ணிக்க" என்றாள் ஒருத்தி. சரி, அது வேண்டாம், சுலபமான கேள்வியாகக் கேள் என்றார் டாக்டர். அவரே மலாயில் பாதி, தமிழில் பாதியாக யோசித்து ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தார்: "புருஷன் பேர் என்ன?"

ஐயோ, சாமி! உலகத்தில் வேறு கேள்வியே இல்லையா? நம் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வார்களா? நான் விளக்குவதற்குள் அவர் கேட்டுவிட்டார். அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பதில் இல்லை, ஆகவே ஆள் தூங்கியாயிற்று என்று டாக்டர் ஆயுதத்தை எடுத்தார். விட்டாள் பாருங்கள் ஒரு உதை! தட்டு, கத்திரி, வெந்நீர்க் கிண்ணம் எல்லாம் அறை முழுக்கப் பறந்தன. டாக்டர் முழங்காலைத் தடவிக்கொண்டே, விழித்திருந்தவள் ஏன் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அந்தப் பேரு வெளிய மரத்தடியில நிக்குது. வேணும்னா போயி அதுகிட்டயே கேட்டுக்கச் சொல்லுங்க!"

வெட்கம்தான் முதலில் தூங்கும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒன்றைக் கண்டால் ஏன், எதற்கு என்று நோண்டாமல் இருக்க முடியாது. உதை விழுந்ததிலிருந்து இதே யோசனை. விழித்திருக்கும்போது வராத பெயர், மயங்க மயங்க எப்போது வரும்? அடுத்தடுத்த கேஸ்களில் ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். முதலில் முறைப்பு. இன்னும் சில சொட்டு, சிரிப்பு. இன்னும் கொஞ்சம், பெயர் கணீரென்று வந்து விழும்! மூச்சு ஒழுங்காக இருக்கும், நாடி நன்றாக இருக்கும், வலியும் மட்டுப்பட்டிருக்கும். சாதாரணப் பிரசவத்துக்கு அது போதும். மனுஷிக்குள் வெட்கம்தான் முதலில் தூங்குகிறது, மற்றதெல்லாம் பின்னால்தான். இதை டாக்டரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதையே வைத்துக்கொள் என்றார்.

இதில் ஒரு தொல்லையும் இருந்தது. பெயர் மட்டும் தனியாக வராது. கூடவே குடும்பக் கதையும் கிளம்பும். தலை நிமிர்ந்து புருஷனைப் பார்க்காத ஒரு பெண், "ராமசாமி! அந்த வெடக்கோழிய எவளுக்குடா கொண்டு குடுத்த?" என்று கூரை அதிரக் கேட்டாள். வெளியே ரப்பர் பால் வாளிகளோடு பாதித் தோட்டம் நின்றுகொண்டிருந்தது. ராமசாமி சன்னலுக்கு ஓடிவந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்: "அய்யா, கோழிக் கதைக்குள்ள போறதுக்கு முந்தி அவள நல்லாத் தூங்க வச்சிருங்கய்யா!"

கஞ்சப் பயல்

அந்தக் காலத்தில் எல்லாருமே தாராளமாகத்தான் ஊற்றினோம். தாய் கத்தக் கூடாது, டாக்டர் நிம்மதியாக வேலை பார்க்க வேண்டும். ஆனால் கத்தாமல் அழகாகத் தூங்கினவர்கள்தான் பிள்ளை பிறந்த பிறகு அதிகம் ரத்தம் விட்டார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் டாக்டர் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பிடித்துக் கேட்டேன். அவர் கையை மூடி முஷ்டியாக்கிக் காட்டினார். பிள்ளை வெளியே வந்ததும் கர்ப்பப்பை இப்படி இறுகிக்கொள்ள வேண்டும், இறுகினால்தான் உள்ளே அறுந்து கிடக்கும் ரத்தக் குழாய்கள் அடைபடும். குளோரோபாமுக்கு ஆள் தெரியாது. தாயைத் தூங்க வைக்கும்போது கர்ப்பப்பையையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும். சொல்லிவிட்டு முஷ்டியைத் தளர விட்டார். விரல்கள் விரிந்து தொங்கின.

அப்படியானால் ரத்தத்தை நிறுத்துகிற வேலையில் பாதி தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற என் கையிலா? அன்றிலிருந்து புட்டியைச் சாய்க்கவே பயம். பெயர் வந்ததும் நிறுத்துவேன். தலை தெரிகிறது என்று ரோஸம்மா சொன்னால் துணியையே எடுத்துவிடுவேன். கடைசி வலியை அவர்கள் முழுசாக அனுபவிப்பார்கள். திட்டும் முழுசாக எனக்கு வரும். கங்காணியின் மனைவி, ஊரே மரியாதை கொடுக்கிற அம்மாள், என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்: "மருந்து என்ன ஒங்கப்பன் வீட்டுச் சொத்தாடா? இன்னும் ரெண்டு சொட்டு ஊத்துனா கொறஞ்சா போயிருவ, கஞ்சப் பயலே!"

மேலே எப்படி, கீழே எப்படி

நானும் ரோஸம்மாவும் போர்வைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சத்தம் போட்டுப் பேசிக்கொள்வோம். "கீழே எப்படி?" என்பேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "தேங்கா கணக்கா கெட்டியா இருக்கு" என்பாள். அப்பாடா என்றிருக்கும். "மேலே எப்படி?" என்பாள். உதடு சிவப்பா வெளுப்பா, கொட்டாவி விடுகிறாளா, தண்ணீர் தண்ணீர் என்கிறாளா என்று சொல்வேன். காரணமில்லாத கொட்டாவியைக் கண்டால் எனக்கு ஈரக்குலை நடுங்கும். ரத்தம் குறையக் குறைய மூச்சு போதாமல் வருகிற கொட்டாவி அது.

ஒரு நாள் இந்தக் கூச்சலில் எனக்கே அலுத்துப்போய், போர்வையை எடுத்துத் தொலைத்தால் என்ன என்று எரிந்து விழுந்தேன். ரோஸம்மா தலையை மட்டும் நீட்டிச் சொன்னாள்: "மொகத்த நீரு பாரும், வயித்த நான் பாக்கேன். ரெண்டு பேரும் பாக்கது ஒரே பொம்பளையத்தான்னு மறக்காம இருந்தாச் சரி."

மாரிமுத்துவின் ஆசை

கடைசியாக, அஞ்சலை. போன பிரசவத்தில் தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டிலேயே ரத்தம் போய், செத்துப் பிழைத்தவள். அந்தப் பிள்ளையும் தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை முன்கூட்டியே கொண்டுவந்து சேர்த்திருந்தான் புருஷன் மாரிமுத்து. பயம் அவனுக்கு நிறைய இருந்தது. பயத்துக்கு நடுவிலும் ஒரு ஆசை இருந்தது. ஆஸ்பத்திரியில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்கிறார்கள் என்று தோட்டமெல்லாம் பேச்சாயிற்றே! "அய்யா, கல்யாணமான நாள்லேர்ந்து 'இந்தாருங்க'தான். எம்பேரு அவ வாயில எப்படி இருக்கும்னு ஒரு தடவ கேக்கணும்யா" என்றான். வெட்கத்தில் காதெல்லாம் சிவந்துவிட்டது அவனுக்கு. சன்னலருகே நின்றுகொள் என்றேன்.

ஆனால் அஞ்சலை லேசுப்பட்டவள் இல்லை. எத்தனை சொட்டு ஊற்றினாலும் "அது", "அவுக", "இந்தா நிக்கிற ஆளு", இவ்வளவுதான். பெயரைக் கக்கவே இல்லை. அவளிடம் தோற்றுப்போய், மூச்சையும் நாடியையும் பார்த்தே ஓட்டினேன். பெண் குழந்தை. நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. துணியை எடுத்து நெடுநேரமாகி, அவள் நன்றாக விழித்து, மூக்கெல்லாம் எரிகிறது என்று என்னை ஒரு மூச்சுத் திட்டியும் முடித்தாள். ரோஸம்மா வயிற்றைத் துணியால் கட்டிவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டப் பக்கத்து அறைக்குப் போனாள். டாக்டர் கை கழுவிக்கொண்டு வெளியேறினார். நல்ல மதிய நேரம். நான் புட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது அவள் மெதுவாக, "மாரிமுத்து... தண்ணி குடு மாரிமுத்து..." என்றாள். சன்னலில் அவன் துள்ளிக் குதித்தான். "கேட்டீங்களாய்யா? சொல்லிட்டாய்யா!" என்று வெளியே நின்ற ஆட்களையெல்லாம் கூப்பிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே திக்கென்றது. குளோரோபாம் தெளிந்துவிட்டதே! இப்போதுதானே என்னை அவ்வளவு தெளிவாகத் திட்டினாள்? மருந்து இல்லாமல் இந்த வெட்கம் எதனால் தூங்குகிறது? முகத்தைப் பார்த்தேன். உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நெற்றியில் பச்சைத் தண்ணீராக வேர்வை. வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள்.

"ரோஸம்மா!" என்று கத்தினேன். அவள் ஓடிவந்து பார்த்தாள். கீழே விரித்த துணியில் பெரிதாக ரத்தமே இல்லை. வயிற்றுக் கட்டை அவிழ்த்துக் கை வைத்தவள், "அய்யோ, மாவு கணக்கா இருக்கே!" என்றாள். அமுக்கினாள். உள்ளேயே தேங்கி நின்றதெல்லாம் கட்டி கட்டியாகக் கொட்டியது. "டாக்டரை நிறுத்துடா!" என்று மாரிமுத்துவைப் பார்த்துக் கூவினேன். அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று. ஓடிப்போய், கிளம்பிய மோட்டாருக்குக் குறுக்கே விழுந்தான்.

டாக்டர் கையை உள்ளே விட்டு, வெளியிலும் ஒரு கையால் அழுத்தி, கர்ப்பப்பையை இரண்டு கைக்கும் நடுவே கசக்கிப் பிடிக்க வேண்டும். கொடூரமான வலி. என் பக்கத்திலிருந்த புட்டியை அவர் ஒரு கணம் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் ஒரே சமயத்தில் தலையை ஆட்டினோம்: வேண்டாம். அன்றைக்கு மயக்கம் கொடுக்காமல் இருப்பதுதான் மயக்கக்காரன் வேலை. கர்ப்பப்பையை இறுக்குகிற எர்காட் ஊசியைத் தொடையில் போட்டேன். கட்டிலின் கால்மாட்டைத் தூக்கி, பால் வாளிகளைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்தோம். பிறகு அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "புருஷன் பேரு என்ன? சொல்லு, பேரு என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் "மாரிமுத்து" என்றாள், குழந்தை பாடம் ஒப்பிக்கிற மாதிரி. ஒவ்வொரு தடவைக்கும் சன்னலில் அவன், "வேணாம் புள்ள, சொல்லாத புள்ள" என்று அழுதான். பிள்ளையைக் குளிப்பாட்டின வெந்நீர் ஆறிப் போயிருக்கும். டாக்டரின் முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. "இறுகுது" என்றார் கடைசியில். அப்போதும் எனக்கு உயிர் வரவில்லை. மறுபடி, மறுபடி கேட்டேன். ஒரு தடவை பதில் வரவில்லை. பயந்துபோய்க் குனிந்தேன். அஞ்சலை என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, சொன்னால் என்ன? ரோஸம்மா போர்வையை முகத்தில் பொத்திக்கொண்டு விம்மினாள். மாரிமுத்து உள்ளே வந்து, குழந்தையைக்கூடப் பார்க்காமல், கட்டில் அருகே உட்கார்ந்தான். அவனைப் பார்த்ததும் அவள் ஈனக் குரலில், "இந்தாருங்க" என்றாள். அவன் என்னை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டுச் சொன்னான்: "போதும்யா. எம்பேரு எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்யா."

சகோதரர்களே, ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதற்காகச் சந்தோஷத்தில் அழுத ஆண்பிள்ளைகள், நானறிந்த வரை, நானும் அவனும் மட்டும்தான்.