நீலக்கல்லுக்குப் பக்கத்து மலையா, தூரக் குகையா?

இன்று காலை ஊர்காவற்றுறையில் அதிசயமாக இன்டர்நெட் ஒழுங்காக வேலை செய்தது. கட்டாரில் இருக்கும் என் மனிசனும் நானும் எங்கள் ஒன்லைன் விளையாட்டில் நீலக்கல் தேடப் புறப்பட்டோம்.

அவர் எப்போதும் தூரக் குகைக்கே இழுப்பார். அங்கே சராசரியாகப் பத்துக் கல் உடைத்தால் ஒரு நீலக்கல். பக்கத்து மலையில் இருபதுக்கு ஒன்றுதான். ஆனால் நடை மிச்சம். குகைக்கு நடந்து போய்ப் பத்துக் கல் உடைக்கும் நேரத்தில் மலையில் நாற்பது உடைக்கலாம்.

“மலையிலை இரண்டு மடங்கு கிடைக்கும். விளங்குதோ?” என்று எழுதினேன்.

“ஓம், கணக்குச் சரி. ஆனா கல் உடைக்கத் தொடங்கினா நீர் என்னோடை கதைக்கிறேல்லை. நடக்கேக்கைதான் கதைக்கிறீர்.”

குகைப் பக்கம் நடக்கத் தொடங்கினேன்.

நீலக்கல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பின்னேரமும் குகைக்கே போகிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கணக்கைத் தோற்கடிக்கிற ஆள் இருக்கிறாரா?