எண்ணெய் என்று கேட்ட அன்று

போர்க்காலத்தில் திருகோணமலையில் 'எண்ணெய்' என்றாலே எங்களுக்கு மண்ணெண்ணெய்தான். அவ்வளவு தட்டுப்பாடு. வரிசையில் நின்று வாங்கியதை ஒரு பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் ஊற்றிக் குசினியில் வைத்திருந்தேன். பக்கத்தில், அதேமாதிரிப் போத்தலில் தேங்காயெண்ணெய்.

அன்று மழை. ஈர விறகோடு மல்லுக்கட்டி ஒருவழியாக அடுப்பை மூட்டி, மீன் பொரிக்கத் தாச்சியை வைத்தேன். மூன்று வயது மகள் அடுப்படியில் குளிர்காய்ந்துகொண்டிருந்தாள். நான் சூடை மீனுக்குத் தூள் பிரட்டியபடி, விறகோடு உள்ளே வந்த கணவரின் தமக்கையிடம், "மச்சாள், எண்ணெயை ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்றேன்.

எடுத்துத் தந்தார். எனக்குத் தடிமன், மூக்கடைப்பில் மணம் தெரியவில்லை. போத்தலைத் தாச்சிக்கு மேல் சரிக்கப் போனேன்.

துறைமுகப் பக்கம் பெரிய வெடிச்சத்தம். போத்தல் கைநழுவித் தரையில் விழுந்தது. அப்போதுதான் மச்சாள் அடுப்பைப் பார்த்தார்.

"தாச்சியிலையோ ஊத்தப் போனனீங்கள்? ஈர விறகு பத்தேல்லை, அடுப்பு மூட்டக் கேக்கிறீங்கள் எண்டு நினைச்செல்லோ மண்ணெண்ணெயைத் தந்தனான்."

மகளை வெளியே தள்ளிவிட்டு, சிந்திய மண்ணெண்ணெயில் தீப் பிடிக்குமுன் அடுப்பில் வாளித் தண்ணீரை ஊற்றினேன். அன்று ஒருவரும் சாப்பிடவில்லை.

இப்போது மண்ணெண்ணெய் தகர டின்னில், வெளியே. தேங்காயெண்ணெய் கண்ணாடிப் போத்தலில். பிளாஸ்டிக் போத்தல் எதுவும் என் குசினிக்குள் வருவதில்லை. ஊற்றுமுன் மணந்து பார்க்கிறேன்.

அந்த வெடிதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அது வெடித்த இடத்தில் யார் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்களோ. நல்லகாலம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.